நாத்தனார் வாங்கிய டயர் மெஷின்

என் நாத்தனாரின் மணிக்கட்டு உடைந்தது வண்டியிலிருந்து விழுந்ததால் அல்ல. தெருவே அப்படித்தான் நினைக்கிறது, அவளும் திருத்தவில்லை. ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க முக்காலியில் ஏறினாள். முக்காலி ஒரு பக்கம் போனது, இவள் இன்னொரு பக்கம் போனாள். அவ்வளவுதான் நடந்தது. மழையிலும் வெயிலிலும் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுத்த காலத்தில் ஒரு கீறல்கூட விழாதவள். வீட்டு வேலைதான் ஆபத்து என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், நிரூபித்தும்விட்டாள்.

அவள் என் கணவரின் தங்கை. பார்சல் வேலையில் இருந்தபோது, வண்டியைச் சரிபார்க்கக் கொண்டுபோன இடத்தில் எல்லாம் "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார்கள். நாலு இடத்தில் கேட்டதும், ஸ்பேனர் செட் வாங்கித் தன் வண்டியைத் தானே பிரித்தாள். மறுபடி பூட்டியபோது மூன்று போல்ட் மிச்சம். வண்டி ஓடியது. அந்த மூன்றும் எங்கிருந்து வந்தவை என்று கண்டுபிடிக்கும் வரை அவள் தூங்கவில்லை. கண்டுபிடித்தபோது மெக்கானிக் ஆகியிருந்தாள். பிறகு கூட வேலை செய்த பெண்களின் வண்டிகள் வந்தன. அவர்களுடைய அக்கா தங்கைகளின் வண்டிகள் வந்தன. வாடகை வீட்டின் கார் ஷெட் பட்டறையாகிவிட்டது. ஒரு மூலையில் அவள் கணவரின் தையல் மெஷின், மற்ற மூன்று மூலைகளிலும் கிரீஸ். கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வருபவர்கள் வாசலிலேயே நின்று அளவு கொடுப்பார்கள்.

நான் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பயிற்சி எடுத்தவள். எங்கள் குடும்பத்தில் யாருக்கு எலும்பு விலகினாலும் முதலில் என்னைக் கூப்பிடுவார்கள், ஆம்புலன்ஸ் அதற்கப்புறம்தான். அதனால் மாவுக்கட்டைப் பிரித்த அன்றும் நான்தான் உடன் போனேன்.

"எல்லாம் செய்யலாம்மா," என்றார் டாக்டர். "கையைத் திருகிப் பலமா நெம்புற வேலை மட்டும் இனிமே வேண்டாம்."

வெளியே வந்ததும் நாத்தனார் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவர் டயரைத்தான் சொல்றார், அண்ணி."

"அவருக்கு நீ டயர் கழட்டுறது எப்படித் தெரியும்?"

"நெம்புறதுன்னா வேற என்ன இருக்கு எனக்கு? ஊறுகாய் மூடியா?"

மோட்டார் சைக்கிள் டயரை ரிம்மிலிருந்து எடுக்க ஒன்றரை முழ இரும்புப் பட்டையை உள்ளே விட்டு நெம்ப வேண்டும். அதற்கு லீவர் என்று பெயர். பிரேக், செயின், ஆயில் எல்லாம் அவள் செய்வாள். ஆனால் பட்டறைக்கு ஆட்கள் வருவதே டயருக்குத்தான். "டயர் மாத்தாத எடத்துக்கு ஆயில் மாத்த மட்டும் எவ வருவா? ஒண்ணு போனா எல்லாம் போகும், அண்ணி" என்றாள். அது சரி. பட்டறை மூடினால் அவள் என்ன ஆவாள் என்பதை நான் யோசிக்க விரும்பவில்லை. வேலையை நிறுத்திய பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் பலரைக் குளிப்பாட்டியிருக்கிறேன்.

அவள் கணவர், அதாவது தையல்காரர், நல்ல மனசோடு ஒரு யோசனை சொன்னார். "விட்டுடேன். என் பக்கத்துல உக்காந்து பட்டன் வை."

அவள் பார்த்த பார்வையில் அவர் பட்டன் டப்பாவை மூடி உள்ளே வைத்துவிட்டார்.

லீவர் இல்லாமல் டயர் கழற்ற மெஷின் உண்டு. கரண்ட் மெஷின் பெரிய கடைகளுக்கு. வீட்டுப் பட்டறைக்குக் கையால் சுற்றுவது போதும்: நடுவில் ஒரு தண்டு, அதன்மேல் சக்கரத்தைப் படுக்கவைத்துப் பூட்டிவிட்டு, நீளக் கம்பி ஒன்றை டயரின் விளிம்புக்குள் கோர்த்துச் சுற்றி இழுக்க வேண்டும். ஒரு வாடிக்கைக்காரி தன் அண்ணனிடம் கிடந்ததை இரவல் கொண்டுவந்து கொடுத்தாள். அதைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டோம்.

"தரையில ஓட்டையா?" என்றார். "தாராளமா போடுங்க. போட்டுட்டு வேற வீடு பாருங்க."

ஓட்டை இல்லாமல் சமாளிக்க, தையல்காரரை மெஷினின் அடித்தகட்டில் ஏற்றி நிறுத்தினாள். அவர் தண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவள் கம்பியை இழுத்தாள். டயர் அசையவில்லை. மெஷினும் தையல்காரரும் சேர்ந்து அரைவட்டம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"அக்கா," என்று அவர் சுவரிடமே கேட்டார், "இவ டயரைக் கழட்டுறாளா, என்னைக் கழட்டுறாளா?"

ஆக, கடைக்குப் போய் ஓட்டை போடாமலே நிற்கிற மெஷினாக ஒழுங்காகப் பார்த்து வாங்குவது என்று முடிவாயிற்று. பழைய டயர் மாட்டிய சக்கரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டோம். அதற்கென்றே தையல்காரர் ஜீன்ஸ் துணியில் பை தைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் என் மடிமேல் அது உட்கார்ந்து வந்தது. பக்கத்து ஆள் "கேக்காம்மா?" என்று கேட்டார்.

கடையில் இருந்ததில் ஒன்று எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. இடுப்பு உயரம், கனமான அகலமான அடி, நல்ல நீளக் கம்பி. நோயாளியைப் புரட்டும்போது கட்டிலை உன் இடுப்புக்கு உயர்த்து, குனியாதே, கையால் இழுக்காதே, உடம்பின் கனத்தால் இழு என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அதை நம்பித்தான் என் முதுகு இன்னும் நேராக இருக்கிறது.

"இதுதான். கட்டச் சொல்லு," என்றேன்.

"போட்டுப் பாக்கணும், அண்ணி."

கடைக்காரர் முடியாது என்று தலையாட்டினார். "டிரையல் எல்லாம் கெடையாதும்மா."

"செருப்புக் கடையிலயே போட்டுப் பாக்க விடுறாங்களே?" என்றேன்.

"செருப்பு வேற, இது வேற."

"ஆமா, இது செருப்பை விடப் பெரிசு. மாத்தித் தர உங்களுக்குத்தான் கஷ்டம்."

அவர் சிரித்துவிட்டு வழி விட்டார். நாத்தனார் சக்கரத்தைப் பூட்டினாள், கம்பியைக் கோர்த்தாள், இழுத்தாள். கால்வாசி வந்த டயர் மறுபடி உள்ளே போய்விட்டது. இன்னொரு முறை, அதே கதை. மூன்றாவது முறை அவள் மணிக்கட்டு திரும்புவதைப் பார்த்து நான் கம்பியைப் பிடித்து நிறுத்தினேன். அவள் முகம் வாடிவிட்டது. கடைக்காரர் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் இழுக்கும்போது நான் கையை மட்டும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் வலது செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். பாதம் தானாகத் தரையைவிட்டு எழும்பி, அந்தரத்தில் எதையோ தேடிவிட்டு இறங்கியது.

"கையை விடு. உன் காலு என்ன பண்ணுது?" என்று கேட்டேன்.

"காலா? ஒண்ணும் பண்ணலையே."

"வீட்ல எப்படிக் கழட்டுவே? செஞ்சு காட்டு."

கடையின் நடுவிலேயே தரையில் உட்கார்ந்தாள். சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவில் போட்டு, இரு குதிகாலையும் டயரின் தூரத்துப் பக்கத்தில் அழுத்தினாள். ரிம்முக்கு நடுவில் ஒரு பள்ளம் உண்டு. தூரத்துப் பக்கத்தில் டயர் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கினால்தான் கிட்டப் பக்கத்தில் விளிம்பு தளர்ந்து வெளியே வரும். அந்த இறக்கும் வேலையை இத்தனை வருடமும் செய்தவை அவளுடைய குதிகால்கள். உயரமான மெஷின் அவற்றுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது. நான் உடைந்த ஒரு கைக்கு மெஷின் தேடிக்கொண்டிருந்தேன். தேடியிருக்க வேண்டியது அந்தக் கையோடு இரண்டு காலுக்கும் சேர்த்து.

"உக்காந்தே பண்ற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று அவள் தரையிலிருந்தபடியே கேட்டாள்.

கடைக்காரர் யோசித்தார். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்திருந்த ஒன்றைக் காலால் நகர்த்தினார். முழங்கால் உயரம்கூட இல்லாத மெஷின். "இதை யாரும் கேக்கிறதில்லைம்மா. குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிடும்."

"யார் குனியப் போறா? நான் உக்காரப் போறேன்."

அதுவும் தரையில் இறுக்கவேண்டிய மெஷின்தான். ஆனால் அவள் உட்கார்ந்து வேலை செய்பவள் ஆயிற்றே. கடைக்காரரிடமிருந்து கனத்த பலகை ஒன்றை வாங்கி, மெஷினை அதில் முடுக்கி, பலகையின் மறுமுனையில் தானே உட்கார்ந்தாள். தையல்காரரைச் சுற்றிவிட்ட மெஷின் இனம்தான், இப்போது இம்மி நகரவில்லை. அவளுடைய எடையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவள்தான் "ஒரு வழியா உதவுது" என்றாள். கூட வந்த கம்பி குட்டை. பெரிய மெஷினின் நீளக் கம்பியை மாற்றித் தரச் சொன்னோம். ரிம்மில் கீறல் விழாமல் நுனிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டது அது. கம்பியை விரலால் பிடிக்காமல் முழங்கை மடிப்பில் மாட்டிக்கொண்டு, குதிகாலை அழுத்தி, துடுப்புப் போடுபவளைப் போலப் பின்னால் சாய்ந்தாள். நான் அவள் மணிக்கட்டின்மேல் இரண்டு விரலை வைத்திருந்தேன். அது திரும்பவில்லை. டயர் சுற்றி வந்து மடியில் விழுந்தது.

"கட்டுங்க," என்றாள் கடைக்காரரிடம்.

கழற்றுவது பாதி வேலைதான். மாட்டும்போது கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்லும். அதற்கு மறுநாளே சோதனை வந்தது. டியூஷன் எடுக்கும் பெண் ஒருத்தி பின் டயர் மாற்ற வந்தாள். புது டயர், கல்லு மாதிரி. முக்கால் வட்டம் உள்ளே போனது. கடைசிச் சாண் மறுத்தது. நாத்தனார் இரண்டு முறை சாய்ந்தாள். நெற்றி வியர்த்தது. அவள் கண் சுவரில் தொங்கிய பழைய லீவரின் பக்கம் போனது.

"தொட்டுப் பாரு," என்றேன். "கட்டு போட மறுபடி கூட்டிட்டுப் போக நான் வரமாட்டேன்."

"வராம இருந்துடுவீங்களாக்கும்."

"வருவேன். ஆனா வழியெல்லாம் பேசிக்கிட்டே வருவேன்."

அவள் லீவரை விட்டுவிட்டுச் சோப்புத் தண்ணீரைத் தொட்டு விளிம்பெல்லாம் தடவினாள். இடது குதிகாலைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு மெதுவாகச் சாய்ந்தாள். அவசரமே இல்லை. விளிம்பு ஒரு விரற்கடை இறங்கியது, இன்னொரு விரற்கடை, பிறகு மிச்சமெல்லாம் ஒரே வழுக்கலில் உள்ளே போனது. காற்று அடித்தபோது டயர் ரிம்மில் 'டப்'பென்று உட்கார்ந்தது. மூலையில் தையல்காரர் துள்ளியதில் ஊசி உடைந்தது.

"கை வலிக்குதா?" என்று கேட்டேன்.

"எந்தக் கை?" என்றாள்.

பிறகு எழுந்திருக்காமலேயே அந்த டியூஷன் பெண்ணைப் பார்த்து, "முன்னாடி டயரையும் கழட்டிடலாமா?" என்றாள்.

"அது போன மாசம்தான் புதுசு போட்டேன், அக்கா."

"அதனால என்ன? கழட்டிட்டுத் திரும்ப அதையே மாட்டிடலாம். காசு வேண்டாம்."