ரியாஸ் நானாவின் போனை அழித்த நாள்

ரியாஸ் நானா போய்விட்டார். வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்தது.

மாத்தளையில் மிளகும் கராம்பும் வாங்கி அனுப்பும் எங்கள் கம்பெனியில், கம்ப்யூட்டர்களுக்கும் போன்களுக்கும் காவல்காரர் அவர். ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வரும்வரை நான் ஒட்டிக்கொண்ட இடம் அது.

வந்த முதல் வாரமே அவருடைய கீபோர்டில் எழுத்துகளைக் கழற்றி இடம் மாற்றி வைத்தேன். பார்க்காமலே டைப் பண்ணுகிற மனுஷன் என்று பிறகுதான் தெரிந்தது...

பெருநாள் நெருங்கியபோது எல்லாருக்கும் ஓர் ஈமெயில். ஒபீஸில் புரியாணி, பெயர் பதிய பாஸ்வேர்டைப் போடவும். முதலில் போட்டது யார் என்று கேட்காதீர்கள்.

உடனே ஸ்கிரீனில் நானாவின் பதில் வந்தது: "புரியாணி இல்ல. ஒங்கட பாஸ்வேர்ட்தான் எனக்குச் சாப்பாடு."

நான் செய்தால் குரங்குச் சேட்டை. அவர் செய்தால், திருட்டு ஈமெயிலில் ஏமாறாமலிருக்க டிரெய்னிங்.

அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் போய்விட்டால், அவருடைய ஒபீஸ் போன் கைக்கு வந்த அன்றைக்கே அழிக்க வேண்டும். எங்களுக்கு மிளகு விற்கும் தோட்டக்காரர்களின் அடையாள அட்டை, பேங்க் விவரம் எல்லாம் அதில் கிடக்கும்.

இன்று அவருடைய போனையே அவர் மனைவி, எங்கள் ராத்தா, கொண்டுவந்தார்.

"ஆஸ்பத்திரில செவரப் பாத்துக்கிட்டு என்னமோ பேசி ரெக்கோட் பண்ணினார். கேட்டா, பொறகு அனுப்புறேன்னு சென்னார். வரல்ல, தம்பி."

போனைத் திறக்கும் பின் நம்பர் ராத்தாவுக்கும் தெரியாது. நானாவாவது சொல்வதாவது...

மெனேஜர் சேரின் ஸ்கிரீனில், அங்கிருந்தபடியே ஒபீஸ் போன்களின் பூட்டைத் திறக்கவும் பட்டன் இருந்தது, அழிக்கவும் இருந்தது. சேர் தயங்கினார். நானாவின் சட்டமாச்சே.

"சேர், அன்னைக்கேன்னுதானே இருக்கு? இன்னைக்கி இன்னும் முடியலயே," என்றேன்.

சேர் என்னை முறைத்துவிட்டு பூட்டைத் திறந்தார்.

ராத்தா போனோடு மிளகு மூட்டை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னவாக இருக்கும்? கடன் விவரமா? பிள்ளைகளுக்குப் புத்திமதியா? கடைசியாக ஒரு தடவை மனைவியையும் ஏமாற்றிப் பார்த்தாரா?

உள்ளே ராத்தா சிரிப்பது கேட்டது. சத்தியமாகச் சிரிப்புத்தான்.

வெளியே வந்து போனை மேசையில் வைத்தார். "என்ட போனுக்கு அனுப்பிட்டேன். இப்ப அழிங்க."

நான் வாயைத் திறந்தேன்.

"கேக்காதீங்க தம்பி," என்றார்.

சேர் அழித்தார். கொஞ்ச நேரத்தில், கடையில் வாங்கிய புதுப் போன் மாதிரி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது அது.

சரி நானா... நான் கேட்கவில்லை. நல்லா ரெஸ்ட் எடுங்க.