கத்தி இல்லாத காஜா மெஷின்

நான் நாலாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். ஆனால் இந்த வட்டாரத்தில் எந்த இரும்பைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றாலும் பெரிய படிப்புப் படித்தவன்கூட என் லேத் பட்டறைக்குத்தான் வருவான். மூன்று லேத், ஒரு டிரில்லிங் மெஷின், எல்லாம் என் கையால் சம்பாதித்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்ட என் கண்ணிலேயே ஒருவன் மண்ணைத் தூவினான். அதிலிருந்து மீட்டது என் தங்கை. இது அவள் கதை.

வீட்டில் அவளைச் சின்னவள் என்போம். சட்டைக் கம்பெனியில் அவள் பெயர் காஜா அக்கா. பட்டன் நுழைகிற ஓட்டைக்குத்தான் காஜா என்று பெயர். முப்பத்தொரு வருஷம் அவள் போட்டது அந்த ஓட்டை மட்டும்தான். அரைக்கைச் சட்டையோ முழுக்கைச் சட்டையோ, அவளிடம் வராமல் எதுவும் வெளியே போனதில்லை. அந்த இரைச்சலில் இருந்து இருந்து அவளுக்குக் குரல் பெரிதாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து காபி கேட்டாலும் தெருக்கோடியில் நிற்பவனைக் கூப்பிடுவதுபோல் இருக்கும். புருஷன் போன பிறகு என் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். வாடகை வாங்கமாட்டேன் என்றேன். வாங்காவிட்டால் வரமாட்டேன் என்றாள். மாதம் பிறந்தால் என் மனைவி கையில் திணித்துவிட்டுப் போவாள்.

போன வருஷம் கம்பெனியை மூடினார்கள். கணக்குத் தீர்த்துக் கொடுத்ததில் பாதியைப் போட்டுச் சொந்தமாக ஒரு காஜா மெஷின் வாங்க நினைத்தாள். சுற்றியுள்ள தையல்காரர்கள் காஜா போட இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள்; இங்கேயே போட்டுக் கொடுத்தால் சாகிறவரை யாரிடமும் கையேந்த வேண்டாம் என்பது அவள் கணக்கு.

புது மெஷின் விலை எட்டவில்லை. என் மகன்தான் இணையத்தில் ஏலம் விடுகிறார்கள் என்று செல்போனைக் கொண்டுவந்தான். பட்டறையில் மூன்று லேத்தும் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் நின்று படம் பார்த்தோம். "முழு நிலையில் உள்ளது, வாங்கியதும் தைக்கலாம்" என்று எழுதியிருந்தது. மெஷின் ஓடுகிற வீடியோவும் இருந்தது. சின்னவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள். நான்தான் அதட்டினேன். "இரும்பப் பாத்து எடை சொல்றவன் நான். வார்ப்பு நல்லா இருக்கு, தேய்மானம் இல்ல. ஏத்துடா விலைய" என்றேன். ஏற்றினான். எவனோ ஒருவன் எதிரே ஏற்றினான். எனக்கு ரோஷம் வந்து இன்னும் ஏற்றச் சொன்னேன். கடைசியில் மெஷின் எங்களுக்கு விழுந்தது.

அது வந்து இறங்கிய அன்று சின்னவள் நூல் வாங்க வெளியே போயிருந்தாள். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம். பழைய மெஷின் எது வந்தாலும், சுவிட்சைத் தட்டும் முன்னால் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விட்டுத்தான் ஓட்டுவோம். அழுக்கோடு ஓட்டினால் உள்ளே எது எதைத் தின்னும் என்று சொல்ல முடியாது. நாற்பது வருஷமாக அப்படித்தான். அவள் திரும்பி வரும்போது மெஷின் தட்டில் துண்டு துண்டாகக் குளித்துக்கொண்டிருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் பூட்டிக் கொடுத்து அவளை அசத்துவதாக இருந்தேன்.

அவள் தட்டைக் குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தாள். கேட்டாள்: "கத்தி எங்கண்ணே?"

காஜா மெஷின் முதலில் சுற்றிலும் தைக்கும். தைத்து முடித்ததும் ஒரு சின்னக் கத்தி மேலிருந்து இறங்கி நடுவில் கிழிக்கும். அது இல்லாவிட்டால் அது காஜா இல்லை, துணிமேல் கோலம். இந்த மெஷினில் கத்தியும் இல்லை, கத்தியைத் தூக்கி இறக்குகிற கையும் இல்லை.

புகார் கொடுத்தோம். விற்றவன் இரண்டே வரியில் பதில் போட்டான்: முழு மெஷினைத்தான் அனுப்பினேன், வாங்கியவர் பிரித்துத் தொலைத்துவிட்டார். பிரித்துப் போட்ட படத்தை எங்கள் புகாரோடு நாங்களே அனுப்பியிருந்தோமே, அதையே அவனுக்குச் சாட்சியாக்கிக்கொண்டான். ஏலக் கம்பெனியும் அதையே பிடித்துக்கொண்டது. பிரித்த பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாதாம். மூன்று தடவை எழுதினோம், மூன்று தடவையும் அச்சு மாறாமல் அதே பதில். மனுஷன் எழுதினானா, மெஷின் எழுதியதா என்றுகூடத் தெரியவில்லை.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அயோக்கியன் மட்டும் கையில் கிடைத்திருந்தால் சாணைக் கல்லில் வைத்துத் தேய்த்திருப்பேன். அதைவிட எரிந்தது வேறொன்று. என் மகன் தயங்கித் தயங்கி, "அப்பா, கழட்டும்போது எங்கயாவது உருண்டு போயிருக்குமோ?" என்று கேட்டான். அவனை வாயில் வந்தபடி திட்டினேன். அவன் போன பிறகு காந்தத்தை எடுத்துப் பட்டறைத் தரை முழுக்க நானே தடவினேன். லேத்தில் சீவி விழுந்த இரும்புச் சீவல்தான் வந்தது.

மாதிரி கிடைத்தால் அந்தக் கத்தியை நானே லேத்தில் கடைந்து தருகிறேன் என்று சின்னவளிடம் சொன்னேன். அவளுக்கும் அன்றைக்குத்தான் கோபம் வெளியே வந்தது.

"ஏமாத்துனவன் என் பணத்த வச்சுக்கிட்டு கால நீட்டிப் படுப்பான், நீங்க ஒக்காந்து அவனுக்காகக் கடையணுமா? எனக்கு என் பணம் வேணும்ண்ணே. முப்பத்தொரு வருசம் எவனயும் ஏமாத்தாம சம்பாதிச்சது."

மகனிடமிருந்து செல்போனை வாங்கி மாடிக்குக் கொண்டுபோனாள். லேத் சத்தம் இல்லாத இடத்தில், அந்த வீடியோவைக் காதில் வைத்துக் கேட்டாள். ஐந்தாறு தடவை கேட்டிருப்பாள். இறங்கி வந்து, "நாளைக்கு அந்த ஏலக் கம்பெனி ஆபீசுக்குப் போறோம். நீங்க கூட வாங்க, ஆனா வாயத் தொறக்கக் கூடாது" என்றாள்.

இரண்டு மணி நேரப் பயணம். கழுத்தில் அட்டை தொங்கிய ஓர் இளைஞன் எங்களை உட்காரச் சொல்லி, பழைய பதிலையே வாயால் சொன்னான். நான் எழுந்தேன். சின்னவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"தம்பி, அவன் போட்ட படத்த சத்தத்தோட போடுங்க."

போட்டான். மெஷின் டர்ர் என்று ஓடி நிற்கும், மறுபடி ஓடி நிற்கும்.

"ஒவ்வொரு காஜா முடியும்போதும் டக்குன்னு ஒரு சத்தம் வரணும். கத்தி விழற சத்தம். ஒம்பது காஜா போடறான். ஒரு டக்கு கேக்குதா?"

சத்தம் சரியாகப் பதிவாகாமல் இருக்கலாம் என்று அவன் இழுத்தான். அவள் இதை எதிர்பார்த்தவள்போல, "உங்க கைப்பட்டனக் கழட்டுங்க" என்றாள். பெரிய குரலா, அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவன் கழற்றினான். "அந்த ஓட்டைய ஜன்னல் பக்கம் தூக்கிப் பாருங்க. வெளிச்சம் தெரியுதில்ல? இப்ப படத்தோட கடைசியப் பாருங்க. துணியத் தூக்கிக் காட்டறான். பின்னால ஜன்னல் இருக்கு. ஒம்பதுல ஒண்ணுலயாவது வெளிச்சம் வருதா?"

வரவில்லை. ஒன்பதும் மூடிய கண்போல் இருந்தன. அவன் தன் சட்டைக் கையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி சட்டையைப் பார்த்தான்.

"விக்கறதுக்கு முன்னாலயே கத்தி இல்ல தம்பி. எங்கண்ணன் பிரிச்சாலும் பிரிக்காட்டியும் இல்ல."

நானும் அந்த வீடியோவைப் பார்த்தவன்தான். நான் இரும்பைப் பார்த்தேன், துணியைப் பார்க்கவில்லை.

அவன் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டி வந்தான். அவரும் தம் கைப்பட்டனைக் கழற்றிப் பார்த்தார். முழுத் தொகையும் திரும்ப வரும், மெஷினைத் தாங்களே வந்து எடுத்து விற்றவனுக்குத் திருப்பி அனுப்புவோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதைக் கேட்கத்தான் நான் வாயைத் திறந்தேன், சின்னவள் மறுபடியும் சட்டையை இழுத்தாள்.

பதினோராம் நாள் பணம் வந்தது. அதற்கப்புறம்தான் மெஷினைத் தூக்க வண்டி வரும் என்றார்கள். அப்படியே அள்ளி மூட்டை கட்டிக் கொடுங்கள் என்றாள் அவள். எனக்கு மனசு வரவில்லை. என் பட்டறையிலிருந்து ஒரு மெஷின் துண்டு துண்டாக வெளியே போனது என்று எவனும் சொல்லக் கூடாது. பூட்டி, எண்ணெய் விட்டு, துடைத்தேன். அதன் வாழ்நாளில் அப்படி மின்னியிருக்காது. ஒரு திருடனுக்குப் போகிறதே என்று வயிறு எரிந்தது.

பிறகு இரும்பில் எழுத்துப் பதிக்கிற பன்ச்சை எடுத்தேன். மெஷினின் முன்பக்கம், மறுபடி விற்க அவன் எந்தப் படம் எடுத்தாலும் விழுகிற இடமாகப் பார்த்து, சுத்தியலால் ஓங்கி ஓங்கி அடித்தேன்: கத்தி இல்லை. பெயின்ட் என்றால் அழித்துவிடுவான், இரும்பில் இறங்கியதை என்ன செய்வான்.

சின்னவள் மாடிப்படியில் நின்று பார்த்தாள்.

"எழுத்து கோணலா இருக்குண்ணே" என்றாள். "பரவால்ல, இன்னும் ஆழமா அடிங்க."