சரி என்று சொன்னவர்

மன்னார்குடிக்குத் தெற்கே பாமணி ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்த சகாயராஜ் இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்தார். கடைசி ஆறு வருடம் வடக்கே ஒரு பாலைவனத் திடலில் பயிற்சி கொடுக்கும் சுபேதார். தரையில் நிற்கும் வீரன், மேலே பறக்கும் விமானியிடம் ரேடியோவில் பேசி எதிரி இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். விமானி அங்கே குண்டு போடுவார். சொந்த ஆட்கள் பக்கத்திலேயே இருப்பார்கள் என்பதால் இடத்தைக் குறிக்கும் எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் போயிற்று. அந்தப் பேச்சைத்தான் அவர் கற்றுக்கொடுத்தார்.

கடைசியாக அவரிடம் வந்த அணியில் தாராசுரத்துக்காரர் ஒருவர் இருந்தார். நாயக் பதவியில் இருந்த பிரபு, முப்பத்தொரு வயது, நிதானமானவர். இந்தியில் சொன்னது பிடிபடாதபோது சகாயராஜ் அவருக்கு மட்டும் தமிழில் சொல்வார்.

"மேலேர்ந்து பாக்கறவனுக்கு உன் மரம் தெரியாது பிரபு. முதல்ல ஆத்தக் காட்டு. அப்புறம் வாய்க்கா. அப்புறந்தான் மோட்டார் கொட்டகை."

"எங்க ஊரு அரசலாத்துலேர்ந்து ஆரம்பிக்கட்டுமா சார்?" என்று பிரபு சிரிப்பார்.

பயிற்சியின் இறுதி நாள் நிஜக் குண்டு. பிரபு முன்னால் ஒரு மேட்டில் நின்றார். சகாயராஜ் நானூறு மீட்டர் பின்னால், காதில் ரேடியோவோடு. பிரபு இலக்கின் எண்ணைப் படிப்பார். விமானி திருப்பிச் சொல்வார். சகாயராஜ் தன் கையில் உள்ள தாளோடு ஒப்பிட்டு, தானும் பிரபுவும் மட்டும் பேசிக்கொள்ளும் சின்ன ரேடியோவில் 'சரி' என்பார். அதற்குப் பிறகுதான் பிரபு விமானிக்கு அனுமதி கொடுக்கலாம்.

பிரபுவின் குறிப்பேட்டில் முதல் வரியில் அவர் நின்ற இடத்தின் எண், இரண்டாவது வரியில் இலக்கின் எண். புழுதிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் முதல் வரியைப் படித்துவிட்டார். விமானி அதையே திருப்பிச் சொன்னார். சகாயராஜ் தாளைப் பார்க்கவில்லை. தான் நிற்கும் இடத்தைத் தெரிவிக்க பிரபு காலையிலிருந்து பத்துத் தடவையாவது அந்த எண்ணைச் சொல்லியிருந்தார். கேட்ட எண்ணாக இருந்ததால் சரியான எண்ணாகத் தோன்றியது.

"சரி" என்றார்.

விமானம் தாழ இறங்கிய திசையைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்தது. கத்தினார். அதற்குள் குண்டு பிரபு நின்ற மேட்டில் விழுந்துவிட்டது.

விசாரணையில் அதிகாரிகள் கேட்டார்கள்: "நீங்கள் சரி என்று சொன்னீர்களா?" அந்தச் சின்ன ரேடியோவின் பேச்சு பதிவாகவில்லை. கேட்ட ஒரே ஆள் உயிரோடு இல்லை. சகாயராஜ் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது.

"இல்லை. என் சொல்லுக்குக் காத்திருக்காமல் அனுமதி கொடுத்துவிட்டார்" என்றார்.

அப்படியே எழுதி முடித்தார்கள்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து மூன்று ஏக்கர் சம்பா போட்டார். மூன்று வருடம் கழிந்து ஒரு நாள் காலை மருந்து தெளிக்க ட்ரோன் கொண்டுவந்த ஆள், "அண்ணே, அந்த மூலையில நின்னு எல்லையக் கைகாட்டுங்க" என்றான். சகாயராஜ் போய் நின்றார். ட்ரோன் அவரை நோக்கி வந்தது. கை எழவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி லின்சியிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார்.

 லின்சி, "மொதல்ல மேலிடத்துக்கு எழுதுங்க. அப்புறம் அவங்க வீட்டுக்குப் போங்க" என்றாள்.

உண்மையை எழுதி அனுப்பினார். புதிய ஆதாரம் எதுவும் இல்லை, விசாரணை முடிந்தது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தாராசுரத்துக்குப் பஸ் ஏறினார்.

பிரபுவின் அப்பா துரைராசு வாசலில் உளுந்து காய வைத்துக்கொண்டிருந்தார். மகனோடு வேலை பார்த்தவர் என்றதும் நாற்காலி எடுத்துப் போட்டார். அம்மா அகிலாண்டம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். சகாயராஜ் அதைத் தொடாமல் சொல்லி முடித்தார்.

"பொறுக்காம அவசரப்பட்டுட்டான்னு எழுதியிருந்தாங்க" என்றார் துரைராசு. "நாலு வருஷமா அத நம்பிக்கிட்டிருக்கேன். எம்புள்ளய நானே திட்டியிருக்கேன்."

"அவரு காத்திருந்தாருங்கய்யா. நான்தான் பாக்காம சொல்லிட்டேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்."

"இப்ப அந்தக் காகிதத்த மாத்துவாங்களா?"

"மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"



அகிலாண்டம் கதவைப் பிடித்தபடி கேட்டாள்: "நீங்க சரின்னதும் அவன் என்ன சொன்னான்?"

"தேங்க்ஸ் சார்னாரும்மா."

அவள் உள்ளே போய்விட்டாள்.  துரைராசு உளுந்தைக் கிளறிக்கொண்டே, "விதின்னு இருந்தோம். இனிமே உங்கள வெறுக்கணும். அதுக்குத் தெம்பு வேணுமே எங்களுக்கு" என்றார். "கெளம்புங்க."

சகாயராஜ் இன்னும் இரண்டு மனு போட்டார். இரண்டுக்கும் அதே பதில். கடைசி மனுவின் நகலைத் துரைராசுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். 'வாங்க மறுப்பு' என்று தபால்காரர் எழுதிய குறிப்போடு கவர் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. லின்சிதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். சகாயராஜ் வயலில் களை பறித்துக்கொண்டிருந்தார். அவள் வரப்பில் நின்று கவரைத் தூக்கிக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.