ஓடைமேட்டு மண்ணும் என் கொழுந்தனாரும்

என் வாசற்படி ஓரத்தில் ஒரு கல் கிடக்கிறது. வெள்ளையாய், முடிச்சு முடிச்சாய், காய்ந்த இஞ்சியை ஊதிப் பெரிதாக்கினதுபோல இருக்கும். சுக்கான் கல் என்பார்கள். எங்கள் பக்கத்து மண்ணைத் தோண்டிக்கொண்டே போனால் அடியில் இதுதான் வரும். என் கொழுந்தனார் ஒருநாள் அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "இந்தாங்க அண்ணி, சுக்கு. தலைவலி வந்தா அரைச்சுப் பத்துப் போட்டுக்குங்க" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் போனபின் அதை வாசலில் போட்டேன். வந்துபோகும்போதெல்லாம் அவர் கண்ணில் படட்டும் என்றுதான் போட்டேன்.

எங்கள் நிலம் சூளகிரிக்கு உள்ளே தள்ளி, ஓடைக்குப் பக்கத்தில். பக்கத்தில்தானே தவிர ஓடையை ஒட்டி இல்லை. அந்த ஓடைக்கரை இரண்டு படியாக இருக்கும். கீழ்ப்படிக்குப் படுகை என்று பெயர். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் படுகை முழுகும், வடியும்போது புது வண்டலை விட்டுவிட்டுப் போகும். செங்கல் சூளைக்காரர்கள் அங்கே குழி குழியாக மண் எடுப்பார்கள், அடுத்த வெள்ளத்தில் குழி தூர்ந்திருக்கும். மேல்படிதான் ஓடைமேடு, எங்கள் நிலம். ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும். எந்தக் காலத்திலோ இந்த ஓடை பெரிய ஆறாக இருந்தபோது போட்டுவிட்டுப் போன மண் அது. என் மாமனார் ஆயுசில் ஓடை அதன்மேல் ஏறியதில்லை, அவருடைய அப்பா ஆயுசிலும் இல்லை என்று சொல்வார்.

மேலே ஆள் ஆழத்துக்குச் செவலை மண். மாவு மாதிரி இருக்கும், ஒரு கல் அகப்படாது. ஈரத்தில் பிடித்தால் உருண்டை பிடிக்கும், விரலால் தட்டினால் உதிர்ந்துவிடும். ஒரு கோடை மழை போதும், ஏர் கட்டிவிடலாம். காலில் அப்பாது, கொழுவில் ஒட்டாது. ஆனால் நல்ல மண் என்று அதற்கு மாலை போட நான் வரவில்லை. விதைத்த பிறகு மழை அடித்துப் பெய்து மறுநாள் வெயில் காய்ந்தால் மேலே அப்பளம்போலப் பொருக்குத் தட்டும். முளை அதற்கடியில் முட்டி முட்டிச் சாகும். முள்ளுக் கொப்பை வெட்டி, மேலே கல்லைக் கட்டி, நாங்களே இழுத்துப் பொருக்கை உடைப்போம். தோள் இற்றுப்போகும். அப்படி முளைத்துவிட்டால் பிறகு கவலையில்லை. வானம் கைவிட்டாலும் அடி ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கேவுரு, கேழ்வரகுதான், கதிர் வாங்கிவிடும். ஊடே அவரையும் துவரையும், கடைசி ஈரத்துக்குக் கொள்ளும் போடுவோம். அந்த நிலம் எங்களை வாழவைத்தது என்று சொன்னால் பொய். சாகாமல் வைத்தது.

அந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்திருந்தால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும். தண்ணீர் உள்ளே ஒரு வழி கண்டுவிட்டால் வெல்லம் மாதிரி கரையும். அதனால் மேட்டின் விளிம்பில் யாரும் உழுவதில்லை. விளிம்புக்கு நாலு முழம் முன்னாலேயே ஏரைத் திருப்பிவிட வேண்டும். அந்த இடம் ஆவாரைக்கும் ரயில்கற்றாழைக்கும் விழலுக்கும் விட்டது. விறகுக்குக்கூட அதில் கை வைக்க மாட்டோம். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது ஆடு மாடு, அண்டா குண்டா எல்லாம் பிரித்தார்கள். விளிம்பை மட்டும் பிரிக்கவில்லை. அது இரண்டு வீட்டுக்கும் பொது என்று விட்டார்கள். என் வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு என் பாகத்தை நானே ஓட்டினேன். ஆள் வைத்து ஓட்டினேன், ஆள் கிடைக்காதபோது நானே மண்வெட்டி பிடித்தேன். கொழுந்தனாரிடம் போய் நிற்கவில்லை.

அவர் பேச்சுக்காரர். டிப்பர் டிரைவரிடம் கன்னடம், மேஸ்திரியிடம் தெலுங்கு, என்னிடம் கேலி. சுற்றிலும் கம்பெனிகள் வர ஆரம்பித்த சமயம். பள்ளமான இடத்தை நிரப்ப மண் தேடி ஆட்கள் அலைந்தார்கள். போதாததற்கு அவர் மகனுக்குப் பெண் அமையவில்லை. மானாவாரிக்காரன், கான்ட்ராக்ட் வேலைக்காரன் என்று வந்தவர்களெல்லாம் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அது அவரை அரித்தது. ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து சொன்னார்.

"மேட்ட எறக்கிட்டா ஓட தானா ஏறி வரும் அண்ணி. படுகையில சூளக்காரன் தோண்டுன குழி வருசா வருசம் தூர்ந்து போவுதா இல்லியா? அதே கணக்குதான். மண்ணும் வெலைக்குப் போன மாதிரி, வண்டலும் வந்த மாதிரி. கேவுரு வெதைக்கிற எடத்துல நெல்லு நடலாம். நஞ்சக்காரன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்களா?"

"ஓட என்ன உங்க மாமனார் வூட்டு வண்டியா, கூப்ட்டதும் வந்து நிக்க?" என்றேன்.

"எதச் சொன்னாலும் ஒரு குத்து. எங்கண்ணன் உங்ககிட்ட எப்படித்தான் காலந்தள்ளுச்சோ."

"விளிம்பத் தொடாம காலந்தள்ளுனாரு."

அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "விளிம்பத் தொடமாட்டன் அண்ணி. உங்க நெலத்து வழியா டிப்பர் போவட்டும், அது போதும். அறுப்பு முடிஞ்சி சும்மாதான கெடக்குது."

ரோட்டுக்குப் போக என் நிலத்தைத் தாண்டித்தான் வழி. நான் முடியாது என்றேன். டிப்பர் நாலு நடை போனால் அந்த மண் இறுகித் தார் ரோடு ஆகிவிடும், பிறகு எந்த ஏரும் இறங்காது. ஊரில் இரண்டு பெரிய மனுஷர்களைக் கூட்டிவந்து கேட்டார். அப்போதும் முடியாது என்றேன். அந்த வாரமே ஜேசிபி படுகைப் பக்கமாக வந்து, விளிம்பைக் குடைந்து, ஆவாரையும் கற்றாழையும் வேரோடு புரட்டி, மேட்டுக்கு ஒரு சரிவுப்பாதை வெட்டியது. நான் வழி விட்டிருந்தால் விளிம்பு தப்பித்திருக்கும் என்று இன்றைக்கும் ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும். இன்றைக்கு வந்து கேட்டாலும் வழி விடமாட்டேன்.

செவலை முழுக்கப் போனது. அடியில் வெள்ளை வெளேரென்று சுக்கான் தெரிந்தது, சதை உரித்த எலும்பு மாதிரி. அப்போதுதான் அந்தக் கல்லை எடுத்துவந்து சுக்கு என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கே பயம் இருந்தது, எனக்குத் தெரிந்தது. ஓடை வரும், ஓடை வரும் என்று காத்திருந்தார். நல்ல மழை வந்தது, ஓடையும் வந்தது. மேலே இருக்கிற ஊர்களின் சாக்கடை எல்லாம் சேர்ந்து நுரை நுரையாய், தெர்மகோலும் பாலித்தீன் கவருமாய் வந்தது. அவர் நிலத்தில் ஏறிப் பரவியது. ஒரு பகல் நின்றது. வடிந்தபோது வண்டல் இல்லை. வண்டல் கொண்டுவர இப்போது அந்த ஓடையில் மண் ஏது? குப்பையும் கருப்பு வழுவழுப்பும் விட்டுப்போனது. கேவுரு விதைத்துப் பார்த்தார், கொள்ளு விதைத்துப் பார்த்தார். சுக்கான்மேல் வேர் எங்கே போகும்? மஞ்சளாய் நாலு இலை விட்டு நின்றுவிட்டது.

அதோடு முடியவில்லை. மழைத்தண்ணீர் அந்தச் சரிவுப்பாதையைப் பிடித்துக்கொண்டது. முதலில் ஒரு கீறல். பிறகு ஆள் இறங்குகிற பள்ளம். பிறகு அது திரும்பி என் பக்கம் வந்தது. ஒவ்வொரு மழைக்கும் என் நிலத்தில் ஒரு துண்டு இடிந்து உள்ளே விழும். வீட்டில் இருந்தால் தொப்பென்று சத்தம் கேட்கும். கல் அடுக்கினேன், கற்றாழை நட்டேன். ஒருநாள் போனபோது கொழுந்தனார் குனிந்து கல் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் அவர் அடுக்கின கல்லுக்குப் பக்கத்தில் என் கல்லை அடுக்கினேன். அடுத்த மழை இரண்டு பேர் கல்லையும் கொண்டுபோனது.

பிறகு அவர் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலைக்குப் போனார், கேட் ஓரம் தொப்பி வைத்துக்கொண்டு உட்காருகிற வேலை. எங்கள் மண் போன கம்பெனிதான் அது. பள்ளம் நிரப்பியது போக, நல்ல செவலையை முன்னால் தோட்டத்துக்குப் பரப்பியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றபோது கூப்பிட்டார். "அண்ணி, இங்க வந்து பாருங்க. நம்ம மண்ணுல புல்லு எப்பிடி வந்துருக்குது." பார்த்தேன். பச்சைக் கம்பளி மாதிரி இருந்தது. யாரும் மிதிக்கக்கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள். அதைக் காவல் காப்பதும் அவர் வேலைதான். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

போன கோடையில் அவர் இறந்தார். தன் நிலத்திலேயே புதைக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார். குழி தோண்டப் போனவர்கள் முழங்கால் ஆழத்தில் நின்றுவிட்டார்கள். கடப்பாரை பட்டால் பொறி பறந்தது. கடைசியில் அதற்கும் ஜேசிபிதான் வந்தது. எங்கள் வழக்கத்தில் குழியில் இறக்கியபின் உறவுக்காரர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடவேண்டும். சுற்றிலும் வெட்டிப் போட்டது அத்தனையும் கல். மகன் குனிந்து கல்லும் பொடியுமாய் ஒரு கை அள்ளினான். போடாமல் அப்படியே நின்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம்தான் மண் இருந்தது, பள்ளம் தின்றதுபோக மிச்சம்.

நான் என் நிலத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் படுத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பொருக்கைத் தட்டி உடைத்து, கூடை நிறைய அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒருவர் தூக்க வந்தார், தொடவிடவில்லை. முதல் பிடி நான் போட்டேன். பிறகு அவர்கள் அள்ளினார்கள். மனம் இரங்கிவிட்டேன் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரங்கவில்லை. மண்ணில்லாமல் ஒரு மனுஷனை மூட முடியாது, அவ்வளவுதான்.

கூடையைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்து கை கழுவினேன். சுக்கான் கல் வாசலிலேயே கிடந்தது. எந்த மழைக்கும் அது கரைந்ததில்லை. யார் கண்ணில் படட்டும் என்று போட்டேனோ அவர் இனி இந்தப் படி ஏறமாட்டார். எடுத்து எறிந்துவிடலாம். எறியவில்லை. காலையில் கதவைத் திறந்தால் முதலில் அதுதான் தெரிகிறது. இப்போது அதைப் பார்ப்பது நான் ஒருத்திதான்.