முகத்துவாரத்தில் திறந்த வால்வு

வாரத்துக்கு ஒரு முறை, திங்கட்கிழமை காலையில், பிறத்தியார் மலத்தை ஒரு நீல டிரம்மில் நிரப்பித் தள்ளுவண்டியில் வைத்து, படகுத் துறையின் பலகை மேல் உருட்டிக்கொண்டு போகிறேன். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. மூடியை எவ்வளவு இறுக்கினாலும் வாடை வெளியே வந்துவிடும். வெயிலில் இரண்டு நாள் ஊறிய மூத்திரத்துக்கு ஒரு காரம் உண்டு. அது மூக்கோடு நிற்காமல் நேராகத் தொண்டைக்கு இறங்கும். திங்கட்கிழமை மதியம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

துறையை ஒட்டி ஒரு சீனர் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடைக் கழிவறையின் மலத்தொட்டியில் நான் டிரம்மைக் கவிழ்த்துக்கொள்ளலாம். அதை உறிஞ்சி எடுக்க முறையாக லோரி வருகிறது. கடை திறக்குமுன் ஊற்றி, இடத்தைக் கழுவிவிட்டு, நான் கண்ணில் படாமல் போய்விட வேண்டும். அதுதான் பேச்சு. மற்றப் படகுக்காரர்களுக்கு என்னைப் பார்த்தால் ஒரே சிரிப்பு. "பாஸ், கடலு எவ்ளோ பெருசு. உங்க ஒரு டிரம்முல அழுகிடுமா?" என்று ஒருவன் கேட்டான். நானும் வெகுகாலம் இதையே கேட்டுக்கொண்டு திரிந்தவன்தான் என்பதால் அவனோடு சண்டைக்குப் போகவில்லை.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு நானும் மச்சானும், அதாவது என் மனைவியின் தம்பியும், சேர்ந்து ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கி, கேரி தீவுப் பாலத்துக்குப் பக்கத்தில் லங்காட் ஆற்றில் கட்டி வைத்தோம். வார இறுதியில் கோலாலம்பூர்க்காரர்கள் தூண்டில் போட வருவார்கள். மற்ற நாட்களில் கிள்ளான் பக்கம் யார் வீட்டிலாவது சாவு விழுந்தால் அஸ்தி கரைக்கக் கூப்பிடுவார்கள். ஆற்றின் முகத்துவாரம் வரை கொண்டுபோய், கரைத்ததும் திருப்பிக் கொண்டுவந்து விடுவோம்.

படகில் கழிவறை வைக்கும் யோசனை என்னுடையது. தன் கணவரின் அஸ்தியைக் கரைக்க வந்த ஓர் அம்மா, சர்க்கரை நோயாளி, வாய் திறந்து கேட்கக் கூச்சப்பட்டுப் புடவையிலேயே சிறுநீர் போய்விட்டார். மண்கலயம் அவர் மடியில் இருந்தது. மகன்கள் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த வாரமே ஒரு சின்ன அறை தடுத்து, கையால் பம்ப் அடிக்கும் கழிவறை ஒன்றைப் பொருத்தினேன்.

அதன் அமைப்பு எளிது. பம்ப் அடித்தால் எல்லாம் ஒரு குழாய் வழியாக இருக்கைக்கு அடியில் உள்ள தொட்டிக்குப் போகும். அங்கே ஒரு வால்வு. ஒரு பக்கம் திருப்பினால் தொட்டியில் இருப்பது தொட்டியிலேயே இருக்கும். மறுபக்கம் திருப்பினால் படகின் அடிப்பக்கத் துளை வழியாகக் கடலுக்குப் போய்விடும். அதைத் திருப்பக் கூடாது, தொட்டியைக் கரையில்தான் காலி செய்ய வேண்டும் என்று விற்றவரே சொன்னார். கரையில் காலி செய்ய எங்கள் துறையில் ஒரு வசதியும் இல்லை என்பது அவர் கவலை இல்லை.

முதல் தடவை ஒழுங்காகத்தான் செய்தேன். தொட்டியிலிருந்து டிரம்முக்குக் குழாய் போட்டு, பம்ப் அடித்தேன். நடுவில் குழாய் பிடுங்கிக்கொண்டு என் சட்டை, கழுத்து, காது மடல் வரை அடித்தது. வந்தவர்கள் முந்தின ராத்திரி வயிறு முட்ட நாசி கண்டார் கறிச்சோறு தின்றிருக்கிறார்கள் என்று அந்த வாடையிலேயே தெரிந்தது. ஒரு முழுச் சோப்புக்கட்டி கரையும்வரை குளித்தேன். வீட்டில் என் மனைவி என் தட்டைத் தனியாக வைத்தாள். இரண்டாம் தடவை நான் டிரம்மை எடுக்கவில்லை.

முகத்துவாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. நீர் இறங்கும் வற்றம் தொடங்கியதும் அங்கே நீரோட்டம் கடலை நோக்கி வேகமாக இழுக்கும். போட்டது எதுவும் திரும்பி வராது. அதனால்தான் அஸ்தி கரைக்க அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். பூவும் சாம்பலும் படகைச் சுற்றி மிதந்துகொண்டு நின்றால் குடும்பத்துக்கு மனசு கேட்காது. இழுத்துக்கொண்டு போய்விட்டால் திருப்தி. தொட்டியைத் திறப்பதற்கும் அதே இடத்தைத் தேர்ந்தெடுத்தோம், அதே காரணத்துக்காக. ஞாயிற்றுக்கிழமை தூண்டில்காரர்களோடு திரும்பும்போது அங்கே வேகத்தைக் குறைப்போம். நான் குனிந்து வால்வைத் திருப்புவேன். பழுப்பாக ஒரு மேகம் படகின் பின்னால் விரியும், மேலே தாள் நாராய் மிதக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் எதுவும் இருக்காது.

இதற்கும் செவ்வாய்க்கிழமை அங்கே கலயத்தோடு வந்து நிற்கிறவர்களுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவே இல்லை. ஆற்றில் குழந்தையின் பேம்பர்ஸ் மிதந்து வந்தால் மேலாற்றில் இருக்கிறவன் வம்சத்தையே திட்டுவேன். பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீரை மச்சான் படகிலிருந்து ஆற்றில் கொட்டினால்கூட சத்தம் போடுவேன். அப்படிப்பட்ட யோக்கியன் நான்.

பிறகு என் அம்மா இறந்தார்.

எங்கள் வழக்கத்தில் அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளை. நான்தான் கடைசி. கொள்ளி வைத்தேன், மறுநாள் எலும்பு பொறுக்கினேன். அஸ்தியைக் கரைக்கச் செந்தூலிலிருந்து அண்ணனும், பிரிக்பீல்ட்ஸிலிருந்து அக்காவும், சடங்கு செய்யப் பண்டாரமும் வந்தார்கள். அது திங்கட்கிழமை. படகை மச்சான் ஓட்டினார். கலயத்தை மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கரைத்த பிறகு, படகில் முங்கிக் குளிக்க முடியாது என்பதால், அந்த இடத்துத் தண்ணீரையே வாளியில் மொண்டு ஆளுக்கு மூன்று முறை தலையில் ஊற்றிக்கொள்வது எங்கள் படகின் ஏற்பாடு. வாளியும் தயாராக இருந்தது.

முகத்துவாரம் வந்தது. மச்சான் வழக்கம்போல இன்ஜினைக் குறைத்தார். பண்டாரம் தேங்காயை எடுத்தார். அப்போதுதான் முந்தின நாள் ஞாயிறு என்பது எனக்கு உறைத்தது. தூண்டில் போட வந்திருந்த ஆறு பேரில் ஒருவருக்கு வயிறு சரியில்லாமல், பாதி நேரம் அந்த அறைக்குள்ளேயே கிடந்தார். தொட்டி தளும்பத் தளும்ப இருந்ததை இதே இடத்தில், இதே பக்கமாகத் திறந்துவிட்டிருந்தேன். அம்மா என் மடியில் இருந்தார். தண்ணீரைப் பார்த்தேன். அழுக்காக இல்லை, எப்போதும் போல மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்க வேணாம். இன்னும் வெளிய போ" என்றேன்.

"எப்பவும் இங்கதானே மச்சான்? வத்தம் ஆரம்பிச்சிருச்சு லா, லேட்டானா திரும்புறப்ப சேத்துல மாட்டிக்குவோம்" என்றார் மச்சான்.

"போன்னா போ."

அண்ணன் எரிச்சலோடு, "நல்ல நேரம் முடியப் போவுதுடா. இடத்துல என்ன இருக்கு, தண்ணிதானே?" என்றார். பண்டாரமும் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான் ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். அலை அதிகம், ஆழம் போதாது என்று ஆயிரம் இருக்கிறது. மடியில் அம்மாவை வைத்துக்கொண்டு நாக்கு எழவில்லை.

"நேத்து இங்கதான் டாய்லெட் தொட்டியத் தொறந்து விட்டேன்" என்றேன். "நேத்து மட்டும் இல்ல. எப்பவும் இங்கதான்."

பண்டாரம் தேங்காயைத் திரும்பத் தட்டில் வைத்தார். மச்சான் என்னைப் பார்க்காமல் கியரைத் தள்ளினார், படகு நகர்ந்தது. அண்ணன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது எனக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

அக்கா மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் அத்தான் இறந்தபோது அவருடைய அஸ்தியையும் என் படகில்தான் கொண்டுவந்து கரைத்தோம். அந்த இடத்தில்தான். அதற்கு முன்னாலேயே படகில் கழிவறை வந்துவிட்டது.

"அப்ப அவரு?" என்று கேட்டாள்.

நான் கலயத்தின் மஞ்சள் துணியை இழுத்துச் சரிசெய்தேன்.

"வாளில மொண்டு குடுத்தது நீதானே, தம்பி. என் சின்ன மக தலையில நாந்தானே ஊத்துனேன். அவ வாயத் தொறந்துக்கிட்டு அழுதுக்கிட்டிருந்தா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். வெட்கம் என்று இதைச் சொல்ல முடியாது. காலில் மிதித்துவிட்ட அசிங்கத்தை எங்கே தேய்த்துத் துடைப்பது என்று தெரியாமல் நிற்பார்களே, அப்படி இருந்தது.

கடல் பச்சையாக மாறும் தூரம்வரை போனோம். அம்மாவை அங்கே கரைத்தேன். கலயம் முங்கியது, பூக்கள் சிறிது நேரம் படகோடு வந்து பிரிந்தன. வாளியை நான் தொடவில்லை. கொண்டுவந்திருந்த புதிய வெண்கலச் செம்பில் அண்ணன் கடல்நீரை மொண்டு எனக்கும் தனக்கும் ஊற்றினார். அக்கா தலையை நீட்டவில்லை. அம்மாவுக்காக நெற்றியில் ஒரு சொட்டு மட்டும் தொட்டு வைத்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் முகத்துவாரம் நெருங்கியதும், "இங்க நிறுத்துங்க" என்று மச்சானிடம் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். "அவனப் பாக்காதீங்க, நிறுத்துங்க" என்றாள்.

இன்ஜின் அடங்கியது. அவள் படகின் ஓரத்தில் மண்டியிட்டு வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாங்கா. அசிங்கம்."

"அவரு இதுலதான் இருக்காரு. விடு."

விட்டேன். அவள் உள்ளங்கையில் அள்ளி மூன்று முறை தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் நெற்றியிலிருந்து கன்னத்துக்கும் உதட்டுக்கும் வழிந்தது. அண்ணன் ஒரு துண்டை நீட்டினார், அவள் வாங்கவில்லை. துறை வந்து இறங்கும்வரை முகத்தைத் துடைக்கவே இல்லை.