கோழிச் சத்தத்துக்கு நடுவே ஒரு வகுப்பு

பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் வந்த வருஷம் என் மகள் இரண்டாம் வகுப்பு. நாமக்கல்லுக்கு வெளியே விவசாயக் காட்டுக்கு நடுவே தனி வீடு எங்களுடையது. பக்கத்துக் காட்டுக்காரரின் கோழிப்பண்ணை எங்கள் சுவரை ஒட்டி நீளும். என் கணவர் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலைக்கு மத்தியப் பிரதேசம் போயிருந்தார். ஊரடங்கில் வண்டியும் ஆட்களும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். வீட்டில் நானும் மகளும் என் தையல் மெஷினும்தான்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகத் தார்ப்பாய் கட்டி, கீழே பாய் விரித்துக் கொடுத்தேன். கைப்பேசியைச் செங்கல் மேல் சாய்த்து வைத்து முதல் நாள் உட்கார்ந்தபோது அவளுக்கு ஒரே சந்தோஷம். சீருடைதான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டாள்.

ஒரு வாரம் போயிருக்கும். ஆங்கிலப் பாட்டு ஒன்றை வாசிக்கச் சொல்லி டீச்சர் அவளைக் கூப்பிட்டார். மைக்கைப் போட்டு முதல் வரியைத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துப் பண்ணைக்குள் தீவன வண்டி நுழைந்தது. தீவனத்தைக் கண்டால் அத்தனை கோழிகளும் ஒன்றாகக் கத்தும். அவள் குரலே கேட்கவில்லை. திரையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஒரு பையன் "கோழி படிக்குது டீச்சர்!" என்றான். டீச்சர் அவனை அதட்டினார். அதற்குள் இவள் மைக்கை அணைத்துவிட்டாள்.

அதோடு சரி. கேள்வி கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். பாட்டுச் சொல்லச் சொன்னால் உதடு அசையும், சத்தம் வராது. போகப்போக என்னிடம் பேசுவதும் குறைந்தது. சோறு வேண்டுமா என்று கேட்டாலும் கையை ஆட்டிப் பதில். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டீச்சர் போன் செய்தார். "நெட் பிரச்சினையாங்க? பாப்பா பேசவே மாட்டேங்கிறா."

நடந்ததைச் சொன்னேன். "நான் அவளைக் கூப்பிடாம இருக்கறேனுங்க. நீங்களும் கட்டாயப்படுத்தாதீங்க. கையில ஏதாவது செய்யக் குடுங்க. வரைய, ஒட்ட, எதுவானாலும் சரி" என்றார்.

என்னிடம் என்ன இருந்தது? தைத்ததுபோக மிஞ்சிய ரவிக்கைத் துணி இருந்தது. பண்ணைக்கார அக்கா அடுப்பெரிக்கக் கொடுத்த, கிழிந்த முட்டை அட்டைகள் ஒரு கட்டு இருந்தன. மழை பெய்து வகுப்பு நடக்காத ஒரு நாள், இரண்டையும் அவள் முன்னால் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டேன். முட்டை உட்காரும் குழிகளை அவள் ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒரு குழியை மடக்கி அலகு செய்தாள். சிவப்புத் துணியைக் கொண்டைக்கு வைத்து, "தெச்சுக் குடும்மா" என்று நீட்டினாள். தைத்துக் கொடுத்தேன். கைக்குள் மாட்டிக்கொள்ளும் கோழிப் பொம்மை ஒன்று உருவானது.

சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். உள்ளறையில் பேச்சுக் குரல். கரகரவென்று, யாரோ பெரியம்மா பேசுகிற மாதிரி.

"ஏனுங்க டீச்சர், நானும் படிக்கோணுமுங்க. எனக்குக் கை இல்லீங்க, றெக்கைலதான் எழுதுவேன். பரவால்லீங்களா?"

எட்டிப் பார்க்க ஆசை. பார்த்தால் நிறுத்திவிடுவாளோ என்று அடுப்பு முன்னாலேயே நின்றேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அன்றைக்கு மழை விட்டு மாடிக்குப் போனபிறகு அவள் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். கோழிதான் பேசியது. அவர் பக்கத்தில் ரிக் வண்டி ஆட்கள் நாலைந்து பேர் லாரி நிழலில் படுத்திருந்தார்கள். அவர்களும் எழுந்துவந்து எட்டிப் பார்த்தார்கள். கோழி றெக்கையால் பரீட்சை எழுதிய கதையைக் கேட்டு ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். இவள் சட்டென்று பொம்மையைக் கீழே இறக்கினாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஏஞ்சாமி நிறுத்திட்ட?" என்றார் அப்பா.

"எல்லாரும் சிரிக்கறாங்கப்பா."

"உன்னயப் பார்த்துச் சிரிக்கலடா கண்ணு. நீ சொன்னதக் கேட்டுச் சிரிக்கறாங்க. இங்க எல்லாரும் சிரிச்சே நாளாச்சு."

சிரித்தவர் கைப்பேசியை வாங்கினார். தன் மகளும் இதே வயசுதான் என்றார். "அப்பறம் அந்தக் கோழி பாஸாச்சுங்களா, அம்மிணி?" என்று கேட்டார்.

இவள் யோசித்தாள். பொம்மை மெதுவாக மேலே வந்தது. "கணக்குல மட்டும் பெயிலுங்க."

அங்கே எழுந்த சிரிப்புக்கு இந்தத் தடவை இவளும் சிரித்தாள். அதன்பிறகு சாயங்காலமானால் அங்கிருந்து அழைப்பு வந்துவிடும். கோழிக்குத் துணையாக ஒரு எருமை வந்தது, ஒரு லாரி டிரைவர் வந்தார். கதைக்கு வார்த்தை போதவில்லை என்று பாடப்புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள். ஆங்கிலம் பேசும் எருமைக்காக என்னிடம் அர்த்தம் கேட்பாள். எனக்குத் தெரியாததை இரண்டு பேரும் சேர்ந்து தேடுவோம்.

ஒருநாள் துணி உலர்த்த மாடிக்குப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. யார் வாசிக்கிறீர்கள் என்று டீச்சர் பொதுவாகக் கேட்டார். இவள் விரல் நீண்டு மைக்கைத் தொட்டது. தொட்ட மாத்திரத்தில் பண்ணையிலிருந்து கொக்கரிப்பு. ஈரச் சேலையைப் பிடித்தபடி நின்றேன்.

அவள் பொம்மையைத் திரைக்கு முன்னால் தூக்கினாள். "மன்னிச்சுக்கோங்க டீச்சர், எங்க அக்கா முட்டை வெச்சிருக்குது. இருங்க, கத்தி முடிக்கட்டும்."

வகுப்பே சிரித்தது, டீச்சர் உட்பட. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு பொம்மையை மடியில் வைத்துவிட்டுத் தன் குரலிலேயே பாட்டை வாசித்தாள். இரண்டு இடத்தில் திக்கினாள். நிறுத்தவில்லை.

அதைப் பார்த்து டீச்சருக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் மைக்கைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும்படி சொன்னார். ஒரு வீட்டில் தறி ஓடியது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. "கோழி படிக்குது" என்ற பையனின் வீட்டுக்குப் பின்னால் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையாம், தகரத்தில் சுத்தியல் விழுந்துகொண்டே இருந்தது. "இதனாலதான் டீச்சர் நான் மைக்கப் போட்டாலும் உடனே அணைச்சிருவேன்" என்றான் அவன். என் மகள் அவனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பள்ளி திறந்தபோது வாய்ப்பாட்டில் பின்தங்கித்தான் இருந்தாள். அந்த இடைவெளியை நிரப்ப இன்னும் உட்காருகிறோம். இப்போது பின்னம் நடக்கிறது. நான் படித்த காலத்தில் மனப்பாடம் பண்ணித் தப்பித்த பாடம் அது. நேற்று தோசையை வெட்டி வெட்டி அவள் எனக்கு விளக்கினாள். "இப்பப் புரியுதாம்மா?" என்றாள். புரிந்தது. இன்னொரு தோசை ஊற்றச் சொன்னாள், அடுத்த கணக்குக்கு.