அக்கா கொடுத்த மிளகளவு தோல்

எங்கள் அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் லேசில் வாயை மூட மாட்டேன். என் வேனில் பக்கத்தில் ஏறுகிறவர்கள் பாவம், இறங்கும்வரை கேட்டே ஆக வேண்டும்.

ஓட்டல் துணிகளை வெளுக்கும் சலவை ஆலையில் அவளுக்கு வேலை. துணி ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுவது நான். பெரிய படுக்கை விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்க்க வேண்டும். அக்காவுக்கு ஜோடி ‘வெண்கலம்’ என்று நாங்கள் கூப்பிடும் பெருங்குரல்காரி. அவர்கள் மடித்ததில் ஒரு சுருக்கம் காட்டினால் நான் பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் இஸ்திரி உருளைக்குப் போகும் நீராவிக் குழாய் வெடித்தது. அக்காவின் முதுகும் இடது தோளும் வெந்துபோயின. மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைத்து, வேலைக்கும் வந்துவிட்டாள். ஆனால் நீராவி படாத முன்கைகளில் ஓயாத அரிப்பு. லேசாக உரசினாலே திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும். போகப் போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். ஆலையிலோ அதைத் தொற்று என்று கதை கட்டிவிட்டார்கள். விரிப்பின் மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை. வெண்கலமும் வேறு ஜோடி பார்த்துக்கொண்டாள். ஒரு மூலையில் உட்கார்ந்து கைத்துண்டு மடிக்கச் சொன்னார் சூப்பர்வைசர். எனக்கு வந்த ஆத்திரம் வேன் கதவுக்குத்தான் தெரியும். அக்கா அழவில்லை, பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் தீக்காயத் தோலை ஆராயும் பெண்மணி ஒருவர் இருந்தார். வெந்த இடத்திலும் வேகாத இடத்திலும் மிளகளவு தோல் கேட்டார்.

“மறுபடியும் கத்தியா? வேண்டாம்க்கா” என்றேன்.

“நீ சும்மா இரு. இந்தக் கைக்குள்ள என்னதான் நடக்குதுன்னு எனக்குத் தெரியணும்” என்று முன்கையை நீட்டினாள்.

தோல் செல்லுக்குள் எந்த மரபணு வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்துவிட்டு, ரொம்ப நாள் கழித்து அந்தப் பெண்மணி அக்காவைக் கூப்பிட்டார்.

“கிருமி வந்தா எதிர்த்து நிக்கிற மரபணுக்கள் இருக்குல்ல, அதுங்க உங்க கையில இன்னும் மும்முரமா வேலை பாக்குது. அங்க சூடு படல. ஆனா அன்னைக்கு உடம்பு பூராவும் உஷாராயிடுச்சு. வேற சிலர்கிட்டயும் இதைப் பாத்தோம். அரிப்புக்கு இதுதான் காரணமா இருக்கலாம். ஏன் அடங்கலைன்னு எங்களுக்கே இன்னும் தெரியல.”

“அப்போ தொத்து இல்லையா?”

“கிருமியே இல்லீங்க. தேடிப் பாத்தாச்சு.”

“இதை என்கிட்ட மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? எங்க ஆலைக்கு வந்து சொல்லுங்க” என்றாள் அக்கா.

வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், எல்லாரும் இருந்தார்கள். உறை போடாத தன் கையால் அக்காவின் சிவந்த கையைப் பிடித்துக்கொண்டே அத்தனையும் சொன்னார். “இவங்கள மாதிரி துணிஞ்சு தோல் குடுத்தவங்களாலதான் எங்களுக்கே இது புரிய ஆரம்பிச்சுது” என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் போனதும் வெண்கலம் எழுந்து வந்தாள். குவியலிலிருந்து ஒரு பெரிய விரிப்பை எடுக்கக் குனிந்து, அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

“வாடி” என்றாள். குரலே எழும்பவில்லை.

அக்கா கைத்துண்டுகளை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். வெண்கலத்தின் விரல்களைப் பார்த்தாள்.

“சாப்பிட்ட கை. முதல்ல போய்க் கழுவிட்டு வா, வெள்ளைத் துணி.”

ஆலையையே அதட்டும் வெண்கலம் மறுபேச்சில்லாமல் குழாயடிக்குப் போனாள்.